முதல் போன்

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வசிக்கும் அக்காவுக்கு வயது 68. மும்பையில் ஒரு தபால் ஆபீஸ் கவுன்டரில் 37 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். தாராவியிலிருந்து ஊருக்கு மாதாமாதம் போன மணியார்டர்களில் எத்தனையோ பாரங்கள் அவர் கையால் நிரப்பப்பட்டவை. சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வந்து, கையெழுத்துப் போடத் தெரியாமல் நின்றவர்களின் கட்டைவிரலை மையில் அழுத்தி உருட்டி எடுத்தவரும் அவர்தான்.

சென்ற அக்டோபரில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே மூன்று போன்கள். ஒன்று அவருடைய பழைய பட்டன் போன். இன்னொன்று காலமான கணவருடையது. அதைத் திறக்கும் எண் அவரோடு போய்விட்டது. மூன்றாவது, புனாவில் இருக்கும் மகன் தனக்குப் புதிது வாங்கியதும் அனுப்பி வைத்தது. “இதுல எது தம்பி எனக்குச் சரியா வரும்?” என்றார்.

1995 ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது இந்தியாவில் செல்போன் பிறந்தது. உள்ளே வரும் அழைப்புக்கும் அப்போது காசு. இல்லாதவர்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. இன்று அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவமனைப் பதிவு, ரயில் டிக்கெட், காய்கறிக்காரரிடம் சில்லறை என்று ஒவ்வொரு இடத்திலும் ‘உங்க போன்ல பாருங்க’ என்கிறார்கள். முதல் ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்களில் பலர் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள். ஆகவே கடைக்காரர் சொல்லும் மெகாபிக்ஸல் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எதற்காக வாங்குகிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் கேள்வி: வேண்டுமா? பேசவும், வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணைப் படிக்கவும் பட்டன் போனே போதும். இன்டர்நெட் இல்லாத போனிலிருந்தும் பணம் அனுப்ப, யுபிஐ 123பே என்ற வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் அறிமுகப்படுத்தியது. 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போனும் பட்டன் போன்தான். அதிலும் யுபிஐ உண்டு. இவை போதும் என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை. அக்காவுக்குப் போதவில்லை. பேரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நவம்பர் வருகிறது. பென்ஷன்தாரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம் அது.

முந்தைய வருடம் இதற்காக ஒரு சேவை மையத்துக்குப் போயிருந்தார். ரேகை படிக்கும் கருவி அவர் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார். வயதானால் ரேகை தேய்வது சகஜம். “ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கைநாட்டு வாங்கினேன் தம்பி. என் விரல் செல்லாதுன்னுட்டான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இரண்டு முறை சொன்னார்.

2014-ல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021 முதல் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்றிதழ் பெறலாம். வீட்டில் உட்கார்ந்தபடி செய்யலாம், ரேகை வேண்டாம். ஸ்மார்ட்போன் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: மகன் அனுப்பிய போனே போதாதா? காமெரா அற்புதம், திரை பளபள. செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்ற வரியைப் பார்த்தேன். அதிலிருந்த தேதி இரண்டு வருடம் பழையது. ஆண்ட்ராய்டு மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க கூகிள் அவ்வப்போது திருத்தம் வெளியிடுகிறது. அதைத் தன் போன்களுக்குக் கொண்டு சேர்ப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. சில வருடங்களுக்குப் பிறகு அவர் நிறுத்திக்கொள்வார். போன் அதற்குப் பிறகும் ஓடும். பூட்டு மட்டும் பழையதாகிவிடும். வங்கிக் கணக்கை வைக்கப்போகும் பெட்டிக்கு இது ஆகாது.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மகனுடைய கூகிள் கணக்கு இன்னும் உள்ளேயே இருந்தது. அம்மாவின் வங்கிக் கணக்கையும் பென்ஷனையும் தன் போனிலிருந்தே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். நல்ல எண்ணம்தான். “காசு கேட்டா குடுப்பான். கேக்கணுமே” என்றார் அக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணவர் இருந்தவரை எல்லாம் அவர் போனில் இருந்தது. இனி மகன் போனில். 37 வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் அவர்.

புது போன் வாங்குவது என்று முடிவாயிற்று. முதல் போனுக்குப் பெரிய விலை வேண்டாம். ஆனால் இருப்பதிலேயே மலிவானதும் வேண்டாம். மெமரி: ராம் குறைந்தது 4 ஜிபி, முடிந்தால் 6. சேமிப்பு இடம் 128 ஜிபி நல்லது. 64 என்றால் அதில் கணிசமான பகுதியை மென்பொருளே பிடித்துக்கொள்ளும், மீதியைக் காலை வணக்கப் படங்கள் நிரப்பிவிடும். பாட்டரி 5,000 எம்ஏஎச் இருந்தால் ஒரு நாள் தாராளமாக ஓடும். உயிர்ச் சான்றிதழுக்கு 5 மெகாபிக்ஸல் காமெரா போதும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் வரும்? பதில் தெரியாது என்றால், தெரிந்த கடையில் வாங்குங்கள். சில மலிவு போன்களில் பூட்டிய திரையிலேயே விளம்பரம் ஓடும். புதியவர்கள் தெரியாமல் அதைத் தொட்டுவிடுவார்கள். அதை அணைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

அடுத்து, கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். தட்டச்சு தெரியாவிட்டால் கவலை வேண்டாம். தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியை கூகிள் 2017-லேயே கொண்டு வந்துவிட்டது. அக்கா கடையில் நின்றபடி மைக்கை அழுத்தி, “சாப்பிட்டியா?” என்றார். திரையில் ‘சாப்பிட்டியா’ என்று வந்தது. பாரம் நிரப்பிய பழக்கம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைப் பையன்கள் உதவி செய்வதாக நினைத்து, ஏதோ ஒரு பெயரில் கூகிள் கணக்குத் தொடங்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் போன் அந்த பாஸ்வேர்டைக் கேட்கும். அன்று உங்கள் போனே உங்களுக்குத் திறக்காது. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் எதிரில் தொடங்கப்பட வேண்டும். பழைய போன் வாங்குகிறீர்களா? *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைக் கொடுத்து, தடை செய்யப்பட்ட போனா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று காரியம் செய்தோம். யுபிஐ-யை பென்ஷன் வரும் கணக்கோடு இணைக்கவில்லை. இன்னொரு சிறு கணக்கில் சில ஆயிரம் மட்டும் போட்டு அதோடு இணைத்தோம். போனால் அதோடு போகட்டும். போனைத் திறக்கும் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தோம். கணவரின் போன் கற்றுத் தந்த பாடம் அது. யுபிஐ பின்னை மட்டும் எங்கும் எழுதவில்லை. எனக்கும் சொல்ல வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் அக்காவே எழுதி பிரிட்ஜில் ஒட்டியது. ‘பணம் வாங்க பின் வேண்டாம். போலீஸ் வீடியோவில் கைது செய்யாது. யார் சொன்னாலும் எந்த ஆப்பையும் ஏற்றாதே. ஏமாந்தால் உடனே 1930.’ டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது. ஏமாந்தவர்களில் டாக்டர்களும் அதிகாரிகளும் உண்டு. படிப்பு இங்கே காப்பதில்லை. போனை வைத்துவிடும் துணிச்சல்தான் காக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு போன் அனுப்பினால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அனுப்புங்கள். ‘எத்தனை தடவைம்மா சொல்றது’ என்ற வாக்கியத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். அக்கா முதல் வாரம் என்னை 14 முறை கூப்பிட்டார். இரண்டாவது வாரம் ஐந்து. பிறகு குறைந்துவிட்டது.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். முதல் முறை ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி சிமிட்டினார். சான்றிதழ் எண் வந்தது. அதை ஒரு நோட்டில் குறித்து, பக்கத்தில் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

மாலையில் மகன் பேசினார். “யாரும்மா பண்ணிக் குடுத்தாங்க?”

“நான்தாண்டா” என்றார் அக்கா.