சொல்லும் பொருளும்: ‘இரு’வும் ‘அபேர்’ என்பதும்

வத்தளையிலிருந்து மாணவ நேயர் ஒருவர் வினவுகின்றார்: “ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கியுள்ளேன். ‘அபேர்’ என்னும் துணைவினை எங்கு நோக்கினும் வருகின்றது. அதன் பொருள் பிடிபடவில்லை, விளக்குவீர்களா?”

நன்று வினவினீர். இதற்கு விடை நம் தமிழிலேயே உண்டு. ‘இரு’ என்னும் வினையை அறிந்தவருக்கு ‘அபேர்’ அயலதன்று.

இலத்தீன் வழிவந்த ‘அபேர்’ ஒரு காலத்தில் உடைமைப் பொருளை உணர்த்தியது. இன்று அத்தொழிலைத் ‘தெனேர்’ என்னும் வேறு வினை ஏற்றுள்ளது. நம் ‘இரு’வும் அமர்தலைக் குறித்த சொல்லே. ‘இருக்கை’ என்னும் பெயரிலும், விருந்தினரை “இருங்கோ” என நாம் உபசரிப்பதிலும் அப்பொருள் இன்னும் வாழ்கின்றது. தம் பழந்தொழிலோடு நில்லாது இரண்டும் துணைவினையாயின.

‘யெகாதோ’ என்பதை ‘வந்து’ எனக் கொள்க. ‘எ யெகாதோ’ வந்திருக்கிறேன். ‘அஸ் யெகாதோ’ வந்திருக்கிறாய். ‘அ யெகாதோ’ வந்திருக்கிறான். ‘வந்து’ மாறாதது போல ‘யெகாதோ’வும் மாறாது; துணைவினையே இடத்தையும் காலத்தையும் காட்டும். தமிழில் அது பின்னே வரும். ஸ்பானியத்தில் முன்னே வரும். வேற்றுமை அவ்வளவே.

‘அபியா யெகாதோ’ என்றால் வந்திருந்தான். ‘அப்ரா யெகாதோ’ என்றால் வந்திருப்பான். புறக்கோட்டையில் பஸ் ஏறிய தம்பி இந்நேரம் களனிப் பாலம் கடந்து வத்தளைக்கு வந்திருப்பான் என நாம் ஊகிப்பதில்லையா? ஸ்பானியரும் அவ்வடிவை அவ்வாறே ஊகத்துக்கு வழங்குவர்.

‘மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்’ என்னும் நிறைவேறாத நிபந்தனையில் நாம் ‘இரு’வை இருமுறை ஆள்கின்றோம். அவர்களும் ‘அபேர்’ வினையை இருமுறை ஆள்வர். ‘ஐ ஆகுவா’ என்றால் தண்ணீர் இருக்கிறது. இந்த ‘ஐ’யும் ‘அபேர்’ வினையின் வடிவமே. ஒன்றாயினும் பலவாயினும் ‘ஐ’ மாறாது. நாமோ ‘இருக்கிறது’, ‘இருக்கின்றன’ எனப் பிரிப்போம்.

இதனால் நம் மொழியிலும் ஒரு தெளிவு பிறக்கும். ‘கள்வன் சாளரம் வழியே ஓடினான்’ என்பவர் கண்டவர் போலப் பேசுகின்றார். ‘ஓடியிருக்கிறான்’ என்பவர் காலடிச் சுவட்டைக் கண்டு கூறுவதாக நாம் கொள்ளலாம். ‘ஓடியிருப்பான்’ என்பவர் ஊகிக்கின்றார். சாட்சி கூறுவோர்க்கும் செய்தி எழுதுவோர்க்கும் இம்மூன்றும் ஒன்றல்ல; ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் குற்றமற்றவர்மீதும் பழி விழக்கூடும்.

ஆகவே மாணவ நேயரே, முதலில் ‘இரு’ வரும் பத்து வாக்கியங்களை எழுதுக. ஒவ்வொன்றிலும் அது கண்டதைச் சொல்கின்றதா, உய்த்துணர்ந்ததைச் சொல்கின்றதா, ஊகிக்கின்றதா எனக் குறிக்க. பின்னர் ஸ்பானியப் பாடத்தைத் திறக்க. ‘அபேர்’ தானே வழிவிடும்.