உப்பும் தேனும்



நற்கருணை உட்கொள்ளுமுன் ஒரு மணி நேர நோன்பு போதும் என்று திருச்சபை 1964-ஆம் ஆண்டில் விதியைத் தளர்த்தியது. ஆயினும் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வெறும் வயிற்றோடு வரும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. வீடு திரும்பியதும் பிள்ளைகள் பசியால் துடிப்பார்கள். தாயோ உடுத்திய சேலையோடு அடுப்படிக்கு ஓடுவாள். அத்தகைய காலை வேளைக்கு உதவும் எளிய சிற்றுண்டி ஒன்றை இம்மாதம் கூற விரும்புகிறேன்.

குரோசான் என்னும் பிரெஞ்சு ரொட்டியைக் கொண்டு செய்யும் சாண்ட்விச் அது. பிறை வடிவில், ஏடு ஏடாகப் பிரியும் இந்த ரொட்டி புதுவையிலும் சென்னை முதலிய நகரங்களின் பேக்கரிகளிலும் கிடைக்கிறது. ரொட்டியையே வீட்டில் செய்வது எளிதன்று. புளிக்க வைத்த மாவினுள் வெண்ணெயைத் தகடாக வைத்து, மூன்றாக மடித்துத் தேய்த்துக் குளிர வைக்க வேண்டும். இவ்வாறு மும்முறை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்குகளாகும். நம் ஊர் வெப்பத்தில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்குப் பிரியாது. ஆகவே ரொட்டியைக் கடையில் வாங்கிக்கொண்டு, உள்ளே வைப்பதை நாமே செய்வது நல்லது.

நால்வருக்கு நான்கு குரோசான், நான்கு முட்டை, நான்கு துண்டு பாலாடைக்கட்டி, நான்கு சிறு கரண்டித் தேன், சிறிது மிளகுத்தூள் ஆகியவை போதும். ரொட்டியைப் பக்கவாட்டில் கீறுங்கள். முழுவதும் அறுத்துவிடாமல் ஓரம் ஒட்டியிருக்கட்டும். தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, எண்ணெய் விடாமல் ரொட்டியை இட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடங்கள் சூடாக்குங்கள். அதிலுள்ள வெண்ணெயே போதும். முட்டைகளை மிளகுத்தூளுடன் அடித்து, மெல்லிய ஆம்லெட்டுகளாக நன்கு வேக விடுங்கள். பாலாடைக்கட்டியில் உப்பு இருப்பதால் தனியே உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. சூடான ஆம்லெட்டின்மேல் பாலாடைக்கட்டியை வைத்தால் அது தானே இளகும். அதன்மேல் தேனைத் துளித்துளியாக விட்டு, ரொட்டிக்குள் வைத்து மூடி உடனே பரிமாறுங்கள். தேன் இல்லையேல் மாம்பழ ஜாம் இடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. வெண்ணெய் மிகுந்த உணவாதலால் இதை அன்றாடம் உண்ணாமல், சிறப்பு நாட்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாடைக்கட்டி மட்டுமாயின் கரிக்கும்; தேன் மட்டுமாயின் திகட்டும். இரண்டும் சேரும்போதுதான் சுவை நிறைவு பெறுகிறது.

இதை மேசையில் வைத்ததும் பிள்ளைகள், "இந்த ரொட்டி ஏன் பிறைபோல் இருக்கிறது?" என்று கேட்கலாம். அதற்கு விடையாக உலகெங்கும் வழங்கும் கதை ஒன்று உண்டு. 1683-இல் துருக்கியர் வியன்னா நகரை முற்றுகையிட்டனர். அவர்கள் தோற்றோடியபின், அவர்களுடைய கொடியிலிருந்த பிறையைக் கடித்துத் தின்று மகிழ்வதற்காக அந்நகர ரொட்டிக்காரர்கள் இதைச் செய்தனர் என்பது அக்கதை.

முற்றுகை வரலாற்று உண்மை. அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படை வந்து நகரை மீட்டதும் உண்மை. அதற்கு நன்றியாகவே பாப்பரசர் 11-ஆம் இன்னொசென்ட், மரியன்னையின் திருப்பெயர் விழாவைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். ஆனால் ரொட்டிக் கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவுமில்லை. கிப்பெர்ல் என்னும் பிறை வடிவ ரொட்டி அம்முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆஸ்திரிய நாட்டில் வழங்கியது. ஆகஸ்ட் சாங் என்னும் ஆஸ்திரியர் 1830-களின் இறுதியில் பாரிஸ் நகரில் வியன்னா முறை ரொட்டிக்கடை ஒன்றைத் திறந்தார். அதன் வழியாகவே இவ்வடிவம் பிரான்சில் பரவியது. இன்றைய அடுக்கு ரொட்டியோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றது.

ஒரு ரொட்டியின் கதையில் உண்மையென்ன, பொய்யென்ன என்று எண்ணலாகாது. 2013-இல், போரால் நலிந்த சிரியாவின் அலெப்போ நகரில், கிளர்ச்சியாளர் வசமிருந்த பகுதியில், இக்கதையையே காரணமாகக் காட்டி இந்த ரொட்டியை ஒரு சமயக் குழு தடை செய்ததாகச் செய்தி வந்தது. ஒரு சாரார் பெருமைக்காகச் சொன்ன பொய்யை மறு சாரார் இழிவாகக் கொண்டனர்; இருவருக்கும் இடையே பசித்தவனின் உணவு பகைப்பொருளாயிற்று.

நம் பிள்ளைகள் இஸ்லாமியப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்கிறார்கள். ரமலானில் அண்டை வீட்டார் நமக்கு நோன்புக்கஞ்சி அனுப்புகிறார்கள். கிறிஸ்துமஸ் பலகாரம் நம் வீட்டிலிருந்து அவர்களுக்குப் போகிறது. அத்தகைய தோழனிடம் நம் பிள்ளை இக்கதையைச் சொன்னால் அவன் உள்ளம் நோகாதா? எட்டாம் கட்டளை விலக்கும் பொய்ச்சாட்சி நீதிமன்றத்தில் மட்டும் சொல்லப்படுவதன்று; உணவு மேசையிலும் சொல்லப்படுவதுண்டு. 1965-இல் 2-ஆம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப்பற்றி வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பழைய பகைமைகளை மறந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள மனமார முயல வேண்டுமென அறிவுறுத்தியது. அம்முயற்சி தொடங்க வேண்டிய இடம் நம் வீடு.

நம் பேச்சு உப்பால் சாரமேறியதாய் இருக்கவேண்டுமென்று புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதினார்; அன்போடு உண்மையைப் பற்றி நிற்கும்படி எபேசியருக்கு எழுதினார். உண்மை உப்பு, அன்பு தேன். அன்பில்லாத உண்மை புண்ணாக்கும். உண்மையில்லாத இனிமையோ நம் செருக்குக்குத் தீனி போட்டு, அடுத்தவனைத் தாழ்த்தும்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் கதையையும் சொல்லுங்கள். அது உண்மையன்று என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். கேட்ட செய்தியை ஆராய்ந்து பேசும் பழக்கம் இச்சிறு வயதில் பதிந்தால், கைப்பேசி வழியே நாள்தோறும் வந்து குவியும் வதந்திகளுக்கு அவர்கள் நாளை இரையாக மாட்டார்கள். ஒரு ரொட்டியைக் கூடுதலாக வாங்கி, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் அன்று உணவுக்கு அழையுங்கள். ஐந்து அப்பங்களை ஆசீர்வதித்துப் பகிர்ந்தளித்த ஆண்டவர் உங்கள் மேசையையும், அதில் பிறக்கும் சொற்களையும் ஆசீர்வதிப்பாராக!