ராத்திரி ஒன்பதரைக்கு நான் ஆபீஸில் இல்லை

டெண்டர் கவர்களைப் பிரித்தது காலையில். எல்லார் கண்ணெதிரேயும் பிரித்தோம். விலைகளை ஒப்பீட்டுப் பட்டியலில் ஏற்றி, சேமித்தபோது மணி பத்து. இப்போது ஆடிட்டர் கேட்கிறார்: "முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கே இந்த விலையெல்லாம் உங்க கையில எப்படிம்மா வந்துச்சு?"

திரையில் அப்படித்தான் இருக்கிறது. என் பெயர், பக்கத்தில் முந்தின நாள் தேதி, இரவு 9.30. அந்த நேரத்தில் நான் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தோசைக்கு வெர்ஷன் ஹிஸ்டரி கிடையாதே!

விஷயம் இவ்வளவுதான். ஆபீஸ் கோப்புகளைப் பகிரும் தளத்தை அமைத்தவர் அதன் நேரத்தை மாற்றாமல் அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே விட்டுவிட்டார். அது கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அதே கோப்பை என் கணினியின் ஃபோல்டர் வழியாகத் திறந்தால் காலை பத்து என்று ஒழுங்காகக் காட்டுகிறது. பிரவுசரில் திறந்தால்தான் நான் திருடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ஆனா சர்வர்ல இப்படித்தானே இருக்கு" என்கிறார்கள். சர்வர் சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

இது முதல் அவமானம் இல்லை. 'கொள்முதல்' என்ற பெயரில் எங்கள் ஃபோல்டரில் இரண்டு கோப்புகள். இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் ஏற்கிறது. பழைய ஆப்பிள் கணினிகள் பிரித்து வைத்தன, விண்டோஸ் வந்ததை வந்தபடி வைத்துக்கொள்கிறது. மேலாளருடையது பழைய ஆப்பிள். அவர் தன்னுடைய கோப்பைத் திறந்துவிட்டு, "ஏம்மா அப்டேட் பண்ணல?" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். இதை எந்த மொழியில் விளக்குவது?

நேற்று திறந்த ஃபோல்டர் இன்று "அனுமதி கோருக" என்கிறது. கோருகிறேன். கோரிக்கை யாருக்குப் போகிறது? வேலையை விட்டுப் போய்விட்ட பழைய சூப்பர்வைசருக்கு.

ஐ.டி. பையனைக் கூப்பிட்டால் தன் லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஓப்பன் ஆகுதே மேடம்" என்கிறான். ஆகாமல் என்னப்பா செய்யும்? நீ அட்மின். கொத்துச்சாவியை இடுப்பில் செருகியிருப்பவனுக்கு எந்தக் கதவு பூட்டியிருக்கும்? அந்த ஒரு வாக்கியத்தோடு என் புகார் செத்துவிடுகிறது. அவனுக்குத் திறப்பதால் கோளாறு கோப்பில் இல்லையாம், அப்படியானால் என்னிடமாம்.

பிரிட்டனில் தபால் நிலையம் நடத்தியவர்களுக்கும் இப்படித்தான் நேர்ந்தது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்றது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. எனக்கு வந்திருப்பது வெறும் மெமோ, ஜெயில் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் ஒரு சப்ளையரிடம் ஒரு டைரிகூட வாங்காதவள் நான். வாங்கியிருப்பாளோ என்று இப்போது பக்கத்து சீட்டில் பேச்சு அடிபடுகிறது. அதை ரத்து செய்ய எந்தச் சட்டம் வரும்?

நேரத்தை மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை. அமைப்புப் பட்டியலில் இந்திய நேரத்துக்கு எதிரே முதலில் நிற்பதே 'சென்னை'தான். அதைச் சொடுக்கச் சொல்லி டிக்கெட் போட்டேன். "சிஸ்டம் சரியாக இயங்குகிறது" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மெமோவை மூட மட்டும் ஒருவருக்கும் மனசு வரவில்லை.