தேங்காய்ப்பாலில் மஹராக்வே

கென்யாவில் மொம்பாஸாவுக்குக் குடிவந்த பின் நான் கற்றுக்கொண்ட ஸ்வாஹிலிப் பதார்த்தம் இது. 'மஹராக்வே' என்றால் நம்ம ராஜ்மாதான். தேங்காய்ப்பால் பிழிவது நமக்குக் கைவந்த வேலை, பிறகென்ன!

தேவையானவை: ராஜ்மா 1 கப், தேங்காய் 1, வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 2, மஞ்சள்தூள், உப்பு.

ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் விட்டு, தளதளவென்று 10 நிமிஷமாவது கொதிக்கட்டும். அப்புறம்தான் தீயைக் குறைக்கணும். பக்கத்து வீட்டு ஸ்வாஹிலிப் பாட்டி கரியடுப்பிலே செய்வதும் இப்படித்தான்: முதலில் நல்ல கனல், பிறகே தணல்.

இதிலே அலட்சியம் கூடாது. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. வேகாத விதை நாலைந்து தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். கொதிக்காமல் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் அது போகாது. ஊறின விதையைக் குழந்தைகள் எடுத்து மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்கு வெந்து குழைந்தபின் வெங்காயம், தக்காளி, மிளகாய், மஞ்சள், உப்பு, இரண்டாம் பால் சேர்த்து வேகவிடுங்கள். தக்காளியை முன்னாடியே போட்டால் விதை சீக்கிரம் வேகாது. கடைசியில் முதல் பாலை விட்டுக் கிளறி, நுரை கட்டும்போதே இறக்குங்கள்; கொதித்தால் திரிந்துவிடும்.

சுடுசோற்றுக்கும் சப்பாத்திக்கும் ஜோர்! ஸ்வாஹிலி வீடுகளிலும் சப்பாத்தி உண்டு, பெயரும் அதேதான். செய்து பாருங்களேன்!