வேகப்பந்துக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும்

மயங்க் யாதவ் இந்தியாவுக்கு நீண்ட நாள் ஆடுவாரா, மாட்டாரா? எங்கள் மாலை நேரக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிற வழக்கு இதுதான். ஒரு கட்சி, "முதுகு போச்சு, அவ்வளவுதான்" என்கிறது. இன்னொரு கட்சி, "அடுத்த பும்ரா இவர்தான்" என்கிறது. இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் மைதானத்தில் கால்பந்துதான் ஓடும். கிரிக்கெட்டை நான் கற்றது வேலைக்குப் போன பிறகு, டிரான்சிஸ்டரில் வர்ணனை கேட்டுத்தான். ஆகவே மட்டை பிடித்த அனுபவத்தில் நான் பேசவில்லை. வருடக்கணக்காகப் பிறருடைய பணிப்பதிவேட்டையும் விடுப்புக் கணக்கையும் எழுதிய குமாஸ்தாவாகப் பேசுகிறேன்.

முதலில் மயங்கின் பதிவேட்டைப் பார்ப்போம். 2024 மார்ச் 30, லக்னோ. முதல் ஐபிஎல் ஆட்டத்தில் 27 ரன்னுக்கு 3 விக்கெட், வேகம் மணிக்கு 155.8 கிலோமீட்டர். மூன்று நாள் கழித்து பெங்களூரில் 14 ரன்னுக்கு 3 விக்கெட், வேகம் 156.7. இரண்டிலும் ஆட்ட நாயகன் இவரே. மூன்றாவது ஆட்டத்தில் ஒரே ஓவர் போட்டுவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அக்டோபரில் குவாலியரில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம், முதல் ஓவரே மெய்டன். மூன்று ஆட்டங்கள் முடிந்ததும் முதுகு வலி. 2025 ஐபிஎல்லில் இரண்டே ஆட்டங்கள், மறுபடியும் முதுகு, பிறகு நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை. 13 மாத காலத்தில் ஐபிஎல்லும் இந்திய அணியும் சேர்த்து மொத்தம் 9 ஆட்டங்கள். இதற்குள் 20 லட்சம் ரூபாய்க்கு வந்தவரின் விலை 11 கோடி ஆகிவிட்டது.

"ஆட்டத்துக்கு நாலு ஓவர்தானே போடுறார். அதிலே என்ன முதுகு ஒடியும்?" என்று கேட்டார் கூட்டத்து நண்பர் ஒருவர். நல்ல கேள்வி.

வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் நொடியில், அவருடைய உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் செய்கிறது. வலது கைக்காரருக்கு இடப்பக்கக் கீழ் முதுகெலும்பில் பாரம் இறங்கும். அந்த எலும்பு முழுமையாக இறுகுவதற்கு இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். அதற்கு முன்பு பாரம் திடீரென்று கூடினால் மயிரிழை போல விரிசல் விழுகிறது. இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறார்கள்.

இங்கே 'திடீரென்று' என்பதுதான் முக்கியம். ஓவர் அதிகமானால் மட்டும் ஆபத்து என்றில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரே வாரத்தில் முழு வேகத்தில் இறங்குவதும் ஆபத்துதான். நம்மூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசைப்படகுத் தடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் இருந்தவர், ஆகஸ்ட் மாதம் முதல் நாளே வலையை முழு மூச்சில் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழகிய உடம்புக்கே இந்தக் கதி என்றால், இளம் எலும்புக்குக் கேட்கவா வேண்டும்?

இனி முன் உதாரணங்கள். நம் தமிழ்நாட்டு லட்சுமிபதி பாலாஜியை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 பாகிஸ்தான் பயணத்தில் ஷோயப் அக்தரையே சிக்ஸர் அடித்துவிட்டு வாய்நிறையச் சிரித்த பிள்ளை. மறு வருடமே முதுகில் இதே முறிவு. பந்துவீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008 மே மாதம் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் எடுத்தார். 2012 டி20 உலகக் கோப்பையிலும் நன்றாகப் போட்டார். ஆனால் டெஸ்ட் கணக்கு 8 ஆட்டம், 27 விக்கெட்டோடு முடிந்தே போனது.

மறுபக்கம் பேட் கம்மின்ஸ். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன். பிறகு முதுகு அடுத்தடுத்து விரிசல் விட்டது. அவருடைய இரண்டாவது டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், நம் ராஞ்சியில். ஐந்து வருடம் நான்கு மாதம்! இடையில் ஒருநாள், டி20 ஆட்டங்களில் அவ்வப்போது தலைகாட்டினார். வீசும் முறையைத் திருத்திக்கொள்ள டென்னிஸ் லில்லி உதவினார். அந்த லில்லிக்கே 1973இல் முதுகெலும்பு முறிந்தது; கட்டுப் போட்டுப் படுத்து எழுந்து வந்துதான் 355 விக்கெட்டில் பெரும்பகுதியை எடுத்தார். 1987இல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் வருடக்கணக்காக நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கம்மின்ஸ் இன்று 300 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டிய கேப்டன்.

ஆக, முறிந்த முதுகு ஒரு வேகப்பந்து வீச்சாளரை முடித்துவிடுவதில்லை. அதற்குக் கிடைக்கிற விடுப்பு எவ்வளவு என்பதுதான் தீர்மானிக்கிறது. வேகம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு உம்ரான் மாலிக்கைப் பாருங்கள். 2022 ஐபிஎல்லில் 157 கிலோமீட்டரைத் தொட்டார், 22 விக்கெட் எடுத்தார். அடுத்த வருடமே இந்திய அணியிலிருந்து விலகிப் போனார். வேகத்தோடு அளவும் சேர வேண்டும். அந்த அளவு நான்கு நாள் ஆட்டத்தில் வளரும், நான்கு ஓவரில் வளராது.

"நீங்கள் பென்ஷன்காரர், பொறுத்திரு என்று சுலபமாகச் சொல்லலாம். வேகப்பந்துக்காரன் சம்பாதிக்கிற காலமே பத்து வருடம். 11 கோடியை யார் விடுவார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சாதாரண வீட்டுப் பிள்ளையிடம் காசை விட்டுவிட்டுக் காத்திரு என்று சொல்வது தர்மமில்லை. அதனால்தான் காத்திருப்பதற்குச் சம்பளம் வேண்டும் என்கிறேன். அரசு ஊழியர் எலும்பு முறிந்து படுத்தால் மருத்துவ விடுப்பு உண்டு, அதற்குச் சம்பளமும் உண்டு. 2024 பிப்ரவரியில் கிரிக்கெட் வாரியம் ஐந்து பேருக்கு வேகப்பந்து ஒப்பந்தம் என்று தனியாக அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஏப்ரல் வந்தால் ஐபிஎல் அணி கூப்பிடும், கூட்டம் 156ஐக் கேட்கும். அப்போது "இந்த வருடம் இவர் வரமாட்டார்" என்று சொல்கிற அதிகாரமும் வாரியத்துக்கு வேண்டும். கடலுக்குத் தடைக்காலம் விட்டால்தான் மீன் பெருகும் என்று நாம் ஒப்புக்கொள்ளவில்லையா?

என் மதிப்பீடு இது. ஒரு முழு ஐபிஎல்லை விட்டுவிட்டு, டெல்லிக்காக ரஞ்சியில் ஓவரைப் படிப்படியாகக் கூட்டி, 145 வேகத்தில் திருப்திப்படக் கற்றால், மயங்க் முப்பது வயதுக்கு மேலும் ஆட நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவசரமாக இறக்கினால், இருபது கூடத் தர மாட்டேன்.

இது டெல்லிக்காரர் விஷயம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஐபிஎல் சமயத்தில் நம் கடற்கரையில் ஸ்டம்ப் நட்டு, இருட்டும்வரை ஒரே பையன் வேகமாகப் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன கோடையில் ஒருவன், பதினைந்து வயதிருக்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். "எத்தன ஓவர் போட்ட மக்கா?" என்று கேட்டேன். "ஆரு எண்ணுனா தாத்தா?" என்றான். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் இத்தனை ஓவருக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் அந்த வரம்பு இல்லை. கரையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் எண்ண வேண்டும். நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? பதினைந்து வயதுப் பையன் ஐந்து ஓவரை ஒட்டிப் போட்டதும் பந்தை வாங்கி இன்னொருவன் கையில் கொடுங்கள். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.