இரைச்சல் ரேடியோவில் இல்ல, நம்ம பிளக் பாயிண்ட்டில் இருக்கு

பழைய க்ளாக் ரேடியோ பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சி, "அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா, சவுண்டே தனி" என்று உருகும். இன்னொரு கட்சி, "போட்டுப் பாத்தேன், வெறும் கொர்ர்ர் சத்தம்தான்" என்று ஒதுக்கிடும். என் கருத்து, ரெண்டு பேருமே பெட்டியைத் திறந்து பார்க்காமல் பேசுறாங்க. அது நல்லா கேட்குற இடமும் உண்டு, சொதப்புற இடமும் உண்டு. ரெண்டுக்கும் காரணம் அதன் வயசு இல்ல, யாரோ ஒரு இன்ஜினியர் எடுத்த முடிவு. இன்னைக்கு அது கொர்ர்ர் என்று கத்துறதுக்கும் ஒரு முடிவுதான் காரணம். அந்த மாதிரி முடிவு எடுக்குற நாற்காலியில் அடுத்த வருஷம் நம்மில் சிலர் உட்காரப் போறோம். அதனால் கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதலில் நேரம். சுவரில் செருகும் பழைய க்ளாக் ரேடியோக்களில் பெரும்பாலானவை கரண்ட்டின் அதிர்வெண்ணை எண்ணித்தான் மணி காட்டும். 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) படத்தில் தினமும் காலை 6 மணிக்கு அட்டை புரளுமே, அந்த பானசோனிக் ரேடியோ அந்த வகை. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்ததை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டினால், ரேடியோ பாடும், கடிகாரம் மட்டும் மணிக்கு 10 நிமிஷம் பின்தங்கும். ராத்திரி 10 மணிக்கு சரியா வெச்சு, காலை 6 மணிக்கு அலாரம் போட்டா, அது அடிக்கும்போது மணி 7:36. ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் அவ்வளவுதான்! பின்னாடி வந்த எல்இடி மாடல்கள் பலதில் இருந்த சான்யோ எல்எம்8560 போன்ற சிப்களில் 50/60 மாத்திக்கலாம். மோட்டார் வெச்ச பழசில் அந்த வசதி கிடையாது.

அடுத்தது ரிசப்ஷன். மீடியம் வேவுக்கு உள்ளே ஒரு ஃபெரைட் ராட், அதன் மேல் செம்புக் கம்பிச் சுற்று. ராட் நீளமா, தடியா இருந்தா சிக்னல் அதிகம். பெட்டி பெருசா இருந்த காலத்தில் நீளமான ராட் வைக்க இடம் இருந்தது. பெட்டி சுருங்கச் சுருங்க ராடும் சுருங்கிடுச்சு. பழசு நல்லா பிடிக்குதுன்னு சொல்றவங்க சொல்ற உண்மையில் பெரும்பகுதி இதுதான், வேற மந்திரம் இல்ல. ஆனா இந்த ராடுக்குத் திசை உண்டு. நிலையம் இருக்கும் பக்கம் ராடின் முனை பார்த்தா சிக்னல் செத்துடும், பக்கவாட்டில் இருந்தா நல்லா வரும். மத்த ரேடியோவைத் திருப்பி வைக்கலாம். க்ளாக் ரேடியோவை? பாட்டு தெளிவா வேணும்னா மணி சுவரைப் பார்க்கும், மணி தெரியணும்னா பாட்டு இரையும். ராடை மட்டும் திருப்புற வசதி கொடுத்திருந்தா தீர்ந்திருக்கும் பிரச்சினை. பெரும்பாலான கம்பெனிகள் கொடுக்கல.

எஃப்எம்முக்கு இன்னும் சிக்கனம். பல மாடல்களில் தனி ஆன்டெனாவே கிடையாது. ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியா பவர் கார்டையே ஆன்டெனாவா பயன்படுத்திக்கிட்டாங்க. அதனால்தான் வயரை நகர்த்தினா ஸ்டேஷன் தெளியும், மடக்கினா போயிடும். குறை சொல்றதுக்கு முன்னாடி அந்த வயரை நேரா நீட்டி விட்டுப் பாருங்க.

முள்ளு நகரும் பழைய டயலுக்கு ஒரு நன்மையும் உண்டு. மீடியம் வேவில் அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 9. அங்கேருந்து வந்த டிஜிட்டல் ட்யூனர் 10, 10 ஆகத்தான் தாவும். திருச்சி வானொலியின் 936-இல் நிற்கவே நிற்காது. முள்ளு எங்க வேணும்னாலும் நிற்கும். அதே சமயம் ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த பழைய செட்டை ஆசையா வாங்கிடாதீங்க. அந்தக் காலத்தில் அங்கே எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிஞ்சிடும். சென்னையின் தனியார் நிலையங்கள் 91.1-இல்தான் ஆரம்பிக்கும்.

சரி, சவுண்ட்? இங்கே உருகுற கட்சிக்கு ஒரு கசப்பான செய்தி. பெரும்பாலான க்ளாக் ரேடியோவில் இருந்தது 3 இஞ்ச் ஸ்பீக்கர், மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி, ஒரு வாட்டுக்கும் குறைவான பவர். பாஸ் வர வழியே இல்ல. மீடியம் வேவில் மேல் சுருதிகளையும் ஃபில்டர் வெட்டிடும். மீதி இருப்பது நடுப்பகுதி, அதாவது மனுஷக் குரல் இருக்கும் இடம். 'வார்ம் சவுண்ட்' என்று நாம சொல்றதில் பாதி, ட்ரெபிள் இல்லாததுதான். நியூஸ் கேட்க அது போதும், ராஜா பாட்டின் பாஸ் கிட்டாருக்குப் போதாது. முப்பது வருஷத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் காய்ஞ்சிருந்தா, 100 ஹெர்ட்ஸில் ஒரு 'ம்ம்ம்' கூடவே பாடும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பார்ட், மாத்தினா நின்னுடும்.

முடிவு மாறினா சத்தமும் மாறும் என்பதற்கு அமர் போஸ் சாட்சி. எம்ஐடி பேராசிரியரா இருந்த அவர் தொடங்கிய கம்பெனி 1993-இல் வேவ் ரேடியோவைக் கொண்டு வந்தது. அதுவும் கட்டில் பக்கத்தில் வைக்கும் க்ளாக் ரேடியோதான். உள்ளே நீளமான குழாயை மடிச்சு வெச்சு, சின்னப் பெட்டியிலிருந்து பாஸை எடுத்தாங்க. விலையும் அதுக்கேத்த மாதிரி. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1950களின் அமெரிக்க ஐந்து வால்வு செட்டுகளில், காசு மிச்சம் பிடிக்க பவர் டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துட்டாங்க. மூணு வால்வு 12 வோல்ட், ஒண்ணு 35, ஒண்ணு 50, வரிசையா கோத்தா சுமார் 120 வோல்ட். கணக்கு அழகு! ஆனா அதில் பலதில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மெயின்ஸோடு நேரா இணைஞ்சிருக்கும். தொட்டா உயிருக்கே ஆபத்து. ரெண்டுமே 'அந்தக் காலத்துப் பொருள்'தான்.

இப்ப அந்தக் கொர்ர்ர். மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு, லேப்டாப் அடாப்டர் எல்லாமே மின்சாரத்தை வேகமா வெட்டி வெட்டிக் கொடுப்பவை. 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஒரு சார்ஜரை எடுத்துக்குவோம். அதன் மடங்குகள் 650, 715, 780 என்று மீடியம் வேவ் முழுக்க வரிசையா நிற்கும். சென்னை வானொலியின் 720-க்குப் பக்கத்திலேயே 715! இதை அடக்கத்தான் உள்ளே ஃபில்டர் சுருளும் கெப்பாசிட்டரும் வைக்கணும். சர்வதேச சிஸ்பர் தரங்கள் 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எவ்வளவு இரைச்சலை மெயின்ஸுக்குள் அனுப்பலாம் என்று அளவு வகுத்திருக்கு. ஹாஸ்டலில் செத்துப்போன ஒரு மலிவு சார்ஜரைப் பிரிச்சுப் பார்த்தேன். போர்டில் அந்த ஃபில்டருக்கு இடம் அச்சடிச்சிருக்கு, பார்ட் இல்ல. வரைஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் யாரோ விலையைப் பார்த்து எடுத்துட்டாங்க.

"இப்ப யாருப்பா மீடியம் வேவ் கேக்குறா?" என்று கேட்கலாம். எஃப்எம் எட்டாத தூரத்துக்கும் மீடியம் வேவ் போகும். வயல்லயும் கடலோரத்துலயும் வானிலை அறிக்கைக்கு அதை நம்புறவங்க இன்னும் இருக்காங்க. அவங்க வீட்டிலும் இப்ப எல்இடி பல்புதான் எரியுது. சில ரூபாய் மிச்சம் பிடிச்சது கம்பெனி, விலை கொடுக்குறது அவங்க.

நம்பலைன்னா ஒரு சோதனை. அடுத்த தடவை கரண்ட் போகும்போது, இன்வெர்ட்டர் இல்லாத இடத்தில் ஒரு பேட்டரி ரேடியோவை மீடியம் வேவில் போடுங்க. கரண்ட் இருந்தப்போ இரைஞ்ச அதே ஸ்டேஷன் எவ்வளவு தெளிவா வருதுன்னு கேளுங்க. கரண்ட் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சா போட்டுப் பாருங்க, குற்றவாளி தானா மாட்டும். பழைய க்ளாக் ரேடியோவைப் பொக்கிஷம்னு அலமாரியில் வைக்கவும் வேணாம், குப்பைன்னு எறியவும் வேணாம். நாளைக்கு வேலையில், "இந்த ஃபில்டரை எடுத்துட்டா பீஸுக்கு மூணு ரூபா மிச்சம்" என்று யாராவது சொல்லும்போது, அந்த மூணு ரூபாய் யார் காதில் போய் விழும் என்று கேட்க ஒருத்தராவது அந்த மீட்டிங்கில் இருந்தா போதும்.