கணினியும் நாமும்: எது உண்மையில் இலவசம்?



வீடியோ தொகுப்பைச் சுயதொழிலாகச் செய்ய விரும்பும் சிலர், செலவில்லாமல் எந்த மென்பொருளைப் பாவிக்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லுமுன், நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2009க்குப் பின் எங்கள் வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்திதான். பல வருடம் தையல் மெஷினோடு போனது. பிறகு சீட்டுக் காசில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி, அயலில் நடக்கும் பிறந்தநாள், சாமத்தியவீடுகளைக் கைத்தொலைபேசியில் எடுத்துத் தொகுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். வகுப்பில் பழகியது விண்டோஸ் மூவி மேக்கர். அதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 ஜனவரியுடன் நிறுத்திவிட்டது. ஆகவே 'இலவசம்' என்று போட்டிருந்த வேறொன்றை இறக்கி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அம்மா காலமானார். ஆண்பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், வரமுடியாத நிலை. செத்தவீட்டை எடுத்துத் தரும்படி மகள் கேட்டாள். இரண்டு இரவு கண்விழித்துத் தொகுத்து, அவசரத்தில் திரும்பிப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவள் வந்து நின்றாள்.

"அக்கா, அம்மாவின்ர முகத்துக்கு மேல என்ன எழுத்து எண்டு அண்ணா கேக்கிறார்."

அந்த மென்பொருளின் பெயர் வீடியோ முழுவதும் குறுக்கே விழுந்திருந்தது. தொகுக்கும்போது அது தெரியவில்லை. கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் விழுந்திருக்கிறது. அதை நீக்க டொலரில் கட்டணம் கட்டவேண்டும், கடனட்டை வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து தொகுத்துக் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை.

அன்று படித்தது இதுதான்: இலவசத்தில் மூன்று வகை உண்டு.

முதலாவது, தூண்டில் இலவசம். தொகுக்க விடும்; முடிவில் தன் பெயரைப் பதிக்கும், அல்லது சில நாளில் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, நிறுவனம் ஒன்று தன் பெரிய மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாக விடுவது. டாவின்சி ரிசோல்வ் இப்படிப்பட்டது. மிகத் தரமானது. ஆனால் 16 ஜிபி ராம் உள்ள வலுவான கணினி கேட்கும். எங்களைப் போன்றவர்களின் பழைய மடிக்கணினி அதைத் தாங்காது.

மூன்றாவது, திறந்த மூல மென்பொருள். ஷொட்கட், ஓப்பன்ஷொட், கேடென்லைவ் ஆகிய மூன்றும் இந்த வகை. பெயர் பதிக்காது, நாள் கணக்கு இல்லை, கட்டணமும் இல்லை. இவற்றைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஒருவர் டேட்டா செலவழித்து இறக்கினால், பென்ட்ரைவில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். அது களவு அல்ல.

புதிதாகப் பழகுபவருக்கு ஓப்பன்ஷொட் இலகு. நான் இப்போது பாவிப்பது ஷொட்கட். அதற்குச் சாதாரணத் தர வீடியோவென்றால் 4 ஜிபி ராம், எச்டி என்றால் 8 ஜிபி என்று சொல்கிறார்கள். 4 ஜிபி மட்டும் உள்ளவர்கள் மனம் தளரவேண்டாம். ஷொட்கட், கேடென்லைவ் இரண்டிலும் 'ப்ரொக்சி' என்று ஒரு வசதி இருக்கிறது. அது பெரிய வீடியோவுக்குப் பதிலாகச் சிறிய பிரதி ஒன்றை வைத்து வேலை செய்ய விடும். இறுதியில் மூல வீடியோவிலிருந்தே கோப்பை எடுத்துத் தரும்.

எதைத் தெரிந்தாலும் இவற்றை மறக்கவேண்டாம்:

• வாடிக்கையாளரின் வேலையைத் தொடங்குமுன், ஒரு நிமிட வீடியோவை வெட்டி, தமிழில் தலைப்புப் போட்டு, கோப்பாக எடுத்து, கைத்தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். பெயர் விழுகிறதா, எழுத்து உடைகிறதா, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

• தலைப்பை யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். பாமினியில் அடித்ததைக் கொண்டுவந்து ஒட்டினால், அந்த எழுத்துருவையும் தெரிவு செய்யாதவரை ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

• நீங்கள் சேமிக்கும் தொகுப்புக் கோப்பில் வீடியோ இருக்காது. எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்ற குறிப்புத்தான் இருக்கும். வேலை முடியுமுன் மூல வீடியோவை அழித்தால் எல்லாம் போய்விடும்.

• 'கிரக்' பண்ணிய களவு மென்பொருள் வேண்டாம். அதோடு வைரஸ் வந்தால், அடுத்தவர் வீட்டு நினைவுகளும் சேர்ந்து அழியும்.

இன்னொன்றும் உண்டு. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு தாய் பேசியதைத் தொகுக்கும்படி உங்களிடம் தரப்படலாம். சில கைத்தொலைபேசிச் செயலிகள் வீடியோவைத் தங்கள் நிறுவனக் கணினிக்கு ஏற்றிக்கொள்கின்றன. அந்தத் தாய் சம்மதித்தது அதற்கல்ல. நான் சொன்ன மூன்றும் இணையம் இல்லாமலே உங்கள் கணினிக்குள் வேலை செய்யும். இப்படியான வேலைக்கு அதையே முதல் தகுதியாகக் கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் ஆண்டுத் திவசத்தை எடுக்க அதே மகள் என்னைத்தான் கூப்பிட்டாள். இந்த முறை கொடுக்குமுன் முழுவதையும் இருந்து பார்த்தேன். முகத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. கூலியையும் கேட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம், இந்த வேலைக்கு எவ்வளவு கூலி கேட்பது என்று பேசுவோம்.